பழைய கக்கூஸ் குழாயில் சிங்க்கை இணைப்பது எப்படி?

இந்த வேலைக்கு முதலில் வேண்டியது ஒரு பழைய கக்கூஸ். தேடி அலைய வேண்டாம், கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள், இருக்கும். 1999-ல் முழு சுகாதார இயக்கம் என்று வந்தார்கள், 2012-ல் நிர்மல் பாரத் என்றார்கள், 2014-ல் தூய்மை பாரதம் ஆயிற்று. ஏதோ ஒன்றின் கைங்கரியத்தில் ஒரு சின்ன அறை, தகரக் கதவு, தரையோடு பதித்த கோப்பை, பின்னால் இரண்டு குழி. கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொடுத்தால் மானியம் வரும், தூய்மை பாரதத்தில் அது 12,000 ரூபாய் என்றதும் வீட்டுக்காரர் நின்றிருப்பார். அப்புறம் உள்ளே விறகு போயிற்று, பஞ்சாரம் போயிற்று, சக்கரம் கழன்ற சைக்கிளும் போயிற்று. மனிதர்கள் மட்டும் போகவில்லை. அப்படிப்பட்ட கக்கூஸ்தான் நமக்கு உத்தமம். நன்றாகப் புழங்கித் தேய்ந்ததாக இருந்தாலும் பாதகமில்லை, பலன் இன்னும் சீக்கிரம் கிடைக்கும்.

அடுத்து வேண்டியது ஒரு காரணம். அதை வாஸ்து பார்ப்பவர் கொடுப்பார். குன்றாண்டார்கோவில் பக்கம் வீட்டை எடுத்துக் கட்டுகிறவர்கள் அடுப்படியைத் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அக்னி மூலை. நெருப்பு எங்கே இருக்கவேண்டும் என்று அவர் விரலை நீட்டிச் சொல்லிவிடுவார். அங்கே பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்த மூலைக்குப் போகவேண்டும் என்று கேட்டால், அது கொத்தனார் சமாச்சாரம். கொத்தனாரைக் கேட்டால், "அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்ணே." இப்போது அந்தக் கடைசி வந்துவிட்டது. கிரானைட் மேடை போட்டாயிற்று, ஸ்டீல் சிங்க் பளபளவென்று உட்கார்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சவேண்டும். சன்னல் வழியாகப் பார்த்தால் பத்தடியில் பழைய கக்கூஸ்.

"கொத்தனாரே, அந்தக் குழா சும்மாதானே கெடக்கு?"

"சும்மாதாண்ணே கெடக்கு. அதுல போட்டு விட்டுருவோம்."

இதற்கு மேல் இன்ஜினியர் எதற்கு?

சாமான்களைக் கீரனூர் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம். சிங்க்குக்கு அடியில் மாட்டும் மடிப்பு மடிப்பான வெள்ளைக் குழாய் ஒன்று, ஒன்றரை அங்குல பிவிசி பைப் ஒரு நீளம், எல்போ நாலைந்து, சொல்யூஷன் ஒரு டப்பா. கடைக்காரர் பழக்கமானவராக இருந்தால் பாட்டில் ட்ராப் என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். நாலு அங்குலக் குழாயில் ஒன்றரை அங்குலக் குழாயைச் சேர்க்க ரெடியூசர் வேண்டுமே என்பார். இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெடியூசருக்குப் பதில் வீட்டில் பழைய சேலைக் கிழிசல் இருக்கிறது, அதைச் சுற்றி மேலே ஒரு கரண்டி சிமென்ட் பூசினால் சரியாகப் போய்விடும். ட்ராப்புக்குப் பதில் எதுவும் தேவையில்லை என்பதுதான் நம் முறையின் சிறப்பு.

ட்ராப் என்பது குழாயில் ஒரு வளைவு, அவ்வளவுதான். தண்ணீர் போகும்போது கொஞ்சம் அந்த வளைவிலேயே தங்கிவிடும். தங்கிய தண்ணீர் கதவு போல நின்று, கீழே இருக்கும் வாடையை மேலே விடாது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தொழில் கடிகாரம் செய்வது. ட்ராப் வைப்பதை வேலையற்ற வேலை என்று நினைப்பவர்கள் 2003-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சார்ஸ் காய்ச்சல் பரவிய அந்த மார்ச் மாதம், ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வளைவுகள் பல வீடுகளில் காய்ந்து கிடந்தன. தரையைத் துடைத்தே பழகியவர்கள், தண்ணீர் ஊற்றவில்லை. காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியைப் போட்டதும் கழிவுக் குழாயிலிருந்த காற்று கிருமியோடு அறைக்குள் வந்திருக்கிறது. அங்கே வளைவு இருந்தது, தண்ணீர்தான் இல்லை. நம் முறையில் வளைவே இல்லை, ஆகவே காயுமோ என்ற கவலையும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ தாராளமாகப் போய் வரலாம்.

இனி கோப்பையைப் பெயர்க்கவேண்டும். கடப்பாரையால் நாலு போடு போட்டால் வந்துவிடும். அதோடு கூடவே அதன் அடியில் இருக்கும் வளைவும் வந்துவிடும். கிராமத்துக் கோப்பையில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும், ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினாலே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அந்த விரற்கடைத் தண்ணீர்தான் இத்தனை நாள் குழிக்கும் வீட்டுக்கும் நடுவே நின்றது. அது போனதும் குழியிலிருந்து நேராக உங்கள் சாம்பார்ச் சட்டி வரைக்கும் புகைபோக்கி தயார். அழுகின முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். வாடைக்குப் பின்னாலேயே கரப்பான் வரும். செம்பழுப்பில் சிறகோடு விரல் நீளம் இருக்குமே, அது. குழிக்குள்ளே குடித்தனம் நடத்துகிற சாதி. குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு ராத்திரி ஏறி வந்து, தோசைமாவுச் சட்டியின் மூடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் அதே வழியில் இறங்கிப் போகும். வாடகை கேட்கமுடியாது.

குழாய்க்கு வாட்டம் கொடுப்பது அடுத்த கட்டம். புத்தகத்தில் நாற்பது அடிக்கு ஓரடி இறக்கம், குறைந்தது அறுபதுக்கு ஒன்று என்று இருக்கிறது. கொத்தனாரிடம் டியூப் மட்டம் இருக்கும், ஆனால் அது சுவருக்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி. குழாய்க்குக் கண்பார்வையே போதும். எங்கள் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. குன்றை ஒட்டிய மனைகளில் மண்வெட்டி இறங்கிய கொஞ்ச ஆழத்திலேயே டங்கென்று கல் தட்டும். அப்போது பள்ளத்தை நிறுத்திவிட்டுக் குழாயைக் கல்லின்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடவேண்டியது. பல்லவர் காலத்தில், நந்திவர்மன் நாளில் என்கிறார்கள், உளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு இதே குன்றைக் குடைந்து பர்வதகிரீஸ்வரருக்குக் கோயில் எடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதற்கு முன்னால் குதிரை பூட்டிய தேர் மாதிரி, சக்கரத்தோடு, கல்லிலேயே மண்டபம் கட்டினார்கள். அந்த ஊரில் இன்றைக்கு முக்காலடிக் கல்லை உடைக்க ஆள் கிடைக்கமாட்டான். ஆகவே குழாய்க்கு நடுவில் ஒரு திமில் விழும். திமிலுக்கு முந்திய தாழ்வில் பருக்கையும் புளிச்சக்கையும் ஓய்வெடுக்கும்.

கோயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிவன் கோயில்களில் அபிஷேகத்துக்கு ஊற்றுவதை எண்ணிப் பாருங்கள். நல்லெண்ணெய், பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், சந்தனம், அரிசிமாவு. பிசுக்கில் நம் சிங்க் அதற்குப் பக்கத்தில் நிற்கமுடியாது. அதை என்ன செய்தார்கள்? ஆவுடையாரிலிருந்து ஒரு கல் வாய்க்கால், சுவரைத் தாண்டிக் கோமுகி, அங்கிருந்து எல்லார் கண்ணெதிரிலும் வெளியே ஊற்றிவிட்டார்கள். அடைத்தால் அன்று சாயங்காலமே குருக்களுக்குத் தெரிந்துவிடும், ஒரு குச்சியால் குத்திவிடுவார். நம் காலத்துக்கு இது ஒத்துவராது. நமக்குக் கண்ணில் படாமல் போகவேண்டும்.

குழாயைச் செருகியாயிற்றா? இப்போது சிங்க்கில் என்னென்ன விடலாம் என்பதைப் பார்ப்போம். எல்லாம் விடலாம். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, கறிவேப்பிலை, தேங்காய் நார், டீத்தூள், மீன் செதில், கோழி கழுவின தண்ணீர், ரேஷன் பாமாயிலில் அப்பளம் பொரித்த வாணலியின் அடி. வடிகட்டி வைத்த மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் சீக்கிரம் போகும். எண்ணெய் குளிர்ந்தால்தான் உறையும், நம் வெயிலுக்கு உறையாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உறையத் தேவையே இல்லை. பழைய எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே ஒருவகைச் சோப்பாகிவிடும். கெட்டிச் சோப்பு, நுரைக்காது, கரையாது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குக் கால்சியத்துக்குக் குறைவில்லை என்று தெரியும். 2017-ல் லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் இப்படித் திரண்ட கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதில் ஒரு துண்டை எடுத்து மறு வருஷம் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நமக்கு அந்த அளவு தேவையில்லை, திமிலுக்கு முன்னால் ஒரு முழம் போதும்.

இதையெல்லாம் தாண்டி வரும் தண்ணீர் குழிக்குப் போகிறது. திட்டத்தில் கட்டிய கக்கூஸாக இருந்தால் அது டேங்க் அல்ல, உறிஞ்சும் குழி. சுமார் ஒரு மீட்டர் அகலம், சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல், அடியில் வெறும் மண். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிறைய மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். நிறைந்ததும் அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டால், முதல் குழியில் இருப்பது ஒன்றரை இரண்டு வருஷத்தில் மக்கி, வாடையில்லாத எருவாகிவிடும், அள்ளி வயலில் போடலாம். மலம் எருவாக வேண்டுமானால் அதிகத் தண்ணீர் ஆகாது. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275. அதில் அடுப்படிப் பங்கை மட்டும் திருப்பிவிட்டாலே குழி ஊறிக்கொண்டே இருக்கும். மண்ணின் துவாரங்களைப் பிசுக்கு மெழுகி அடைத்துவிடும். உறிஞ்சும் குழி உறிஞ்சுவதை நிறுத்திக்கொண்டு வெறும் குழியாக இருக்கும். அடியில் கல் வெடிப்பு இருந்தால் மட்டும் வழி கிடைக்கும், அந்த வழி பக்கத்து போருக்கும் போகலாம். குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பத்து மீட்டர் தள்ளிக் குழி வெட்டு என்று சொல்லிவைத்தவர்கள் கல் வெடிப்பு எத்தனை மீட்டர் ஓடும் என்று நம்மைக் கேட்கவில்லை.

சிலர் எங்களுடையது செப்டிக் டேங்க் என்பார்கள். திறந்து பார்த்தால் பாதிக்குமேல் சிமென்ட் உறை இறக்கிய குழியாகத்தான் இருக்கும். உண்மையிலேயே தளம் போட்டு, தடுப்புச் சுவர் வைத்து, வீட்டுத் தண்ணீர் மொத்தத்துக்கும் கணக்குப் பார்த்துக் கட்டிய டேங்க் என்றால், சிங்க் தண்ணீரை ட்ராப் வைத்து, கல்லி ட்ராப் தொட்டியிலும் தேக்கி, அதில் விடலாம்தான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது. ஆனால் அப்படிக் கணக்குப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள்.

பலன் எப்போது கிடைக்கும்? ஐப்பசியில். இதை ஜோசியம் என்று நினைக்கவேண்டாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும், நிலம் ஊறி நிற்கும், குழியைச் சுற்றிய மண் இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை என்று கையை விரித்துவிடும். அதே மாதத்தில்தான் தீபாவளி வருகிறது. முறுக்கு, அதிரசம், சுழியம், வடை என்று மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. திருப்பூரிலிருந்து தம்பி குடும்பம், சென்னையிலிருந்து மாப்பிள்ளையும் மகளும், பேரன் பேத்திகள் நாலு. கறிக்குழம்பு வைத்த அண்டா சிங்க்குக்குள் நுழையாமல் மேடையில் சாய்த்துக் கழுவப்படும். இத்தனையும் ஒரே காலையில் கூடிவருவது வருஷத்தில் ஒரு தடவைதான், குழாய் அந்த ஒரு தடவைக்காகக் காத்திருக்கும். சிங்க்கில் தண்ணீர் முதலில் சுணங்கும், பிறகு குளுக் என்று ஒரு சத்தம் போடும்.

தண்ணீர் சிங்க் வழியாகத்தான் மேலே வரும் என்று பயந்து சிங்க்கைச் சாக்கால் அடைக்காதீர்கள். சிங்க் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. எந்த வாய் தரையோடு இருக்கிறதோ அந்த வாய்தான் முதலில் பொங்கும். புது பாத்ரூமையும் அதே குழியில் கொடுத்திருந்தால், குளியலறைத் தரையில் நானி ட்ராப் என்கிற வடிகால் வாய் வழியாக மஞ்சள், எண்ணெய், இன்னும் சொல்லத்தகாத சமாச்சாரங்கள் எல்லாம் சேர்ந்து எழும்பும். உள்ளே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவர் மாப்பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். கதவுக்கு வெளியே நின்று நலம் விசாரிக்கலாம்.

பரிகாரம் பல உண்டு. ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றலாம். சோப்புக் கட்டி கரைந்து போகாது, குழியில் மலத்தைச் செரிக்கும் பாக்டீரியா செத்துப்போகும். மூங்கில் சிம்பை விட்டு ஆட்டலாம். முதல் எல்போவில் முட்டி நிற்கும். பக்கத்து வீட்டு மோட்டாரை வாங்கிக் குழாய்க்குள் அழுத்தித் தண்ணீர் அடிக்கலாம்; சேலைக் கிழிசல் சுற்றிய இடம் திறந்துகொள்ளும், அடித்தது அத்தனையும் புது அஸ்திவாரத்துக்குள் போகும். பிறகு யாராவது ஒரு பெரியவர், "ஒரு ஆளை எறக்கிப் பாத்தா என்னப்பா?" என்பார். எந்தத் தெருவிலிருந்து அந்த ஆளைக் கூப்பிடவேண்டும் என்பதையும் அவரே சொல்வார், ஊரில் அது எல்லாருக்கும் மனப்பாடம். அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூப்பிட்டது பஞ்சாயத்தா வீட்டுக்காரரா என்று அந்தச் சட்டம் பார்க்காது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூடப் போடலாம். சாக்கடைக்குள் செத்தவர்களுக்கான நஷ்டஈட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது, செத்துக்கொண்டே இருந்ததால். அழுகின முட்டை வாடை கொஞ்சமாக இருந்தால்தான் மூக்குக்குத் தெரியும். அளவு கூடிவிட்டால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், உள்ளே இருப்பவன் வாடை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே விழுவான். காப்பாற்ற இறங்குகிறவனும் விழுவான். லாரியை வரச்சொல்லுங்கள், மேலே நின்று உறிஞ்சட்டும். தீபாவளியன்று லாரி வராது, மறுநாள் வரும்.

பழைய கக்கூஸ் வாய்க்காத துரதிர்ஷ்டசாலிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பத்தா காலத்து முறைதான் கதி. அரிசி களைந்த தண்ணீரும் கஞ்சியும் காய்கறித் தோலும் கழனிப்பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்கு. பாத்திரத்தை முதலில் சாம்பலால் துடைத்துத் தேய்த்துவிட்டுத்தான் கழுவுவார்கள், பிசுக்கில் பாதி சாம்பலோடு எருக்குழிக்குப் போய்விடும். மிச்சத் தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் ஓடும். மாடு இல்லாத வீட்டுக்காரர்கள், நூறு நாள் வேலையில் ஊர் ஊராக வெட்டினார்களே, அந்த மாதிரி உறிஞ்சு குழி ஒன்றை அடுப்படிக்கென்று தனியாக வெட்டிக்கொள்ளலாம். நீளம் அகலம் ஆழம் ஒவ்வொரு மீட்டர். உள்ளே அடியில் பெரிய கல், மேலே போகப்போகச் சின்ன ஜல்லி. குழாய் விழும் இடத்தில் அடியில் துளை போட்ட மண்பானை, பானைக்குள் தேங்காய் நார். நாரில் பிசுக்கும் பருக்கையும் தங்கும், அவ்வப்போது எடுத்துப் போட்டுவிட்டு வேறு நார் வைக்கவேண்டும். சிங்க்குக்கு அடியில் ட்ராப் இங்கேயும் உண்டு, வாணலியை முதலில் காகிதத்தால் துடைக்கும் வேலையும் உண்டு.

இந்த முறையின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பார்கள். அடைப்பு வந்தால் ஐப்பசி வரைக்கும் பொறுக்காது, அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். நாரை மாற்றுவது யார் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வளரும், மகனைச் செய்யச் சொல்லலாம் என்று இருவருக்கும் தோன்றுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். வாழை தார் போட்டுவிட்டால் முட்டுக் கொடுக்கவேண்டும், சீப்பு சீப்பாகப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்தனுப்பவேண்டும்.

நம் முறையில் கடைசியாக ஒரு வேலை பாக்கி. குழாய் சேர்ந்த இடத்தை மூடவேண்டும். அங்கே ஒரு சேம்பர் கட்டி மூடி போட்டுவைத்தால் பின்னால் திறந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அசிங்கமாக இருக்கும். மண்ணைத் தள்ளி, தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் துளசிமாடம் வைத்துவிடுங்கள். எந்த இடம் என்று எங்கேயும் எழுதிவைக்கவேண்டாம். கொத்தனார் கணக்குப் பார்த்து மீதிப் பணம் கேட்பார். அதை மட்டும் தீபாவளி கழித்துத் தருவதாகச் சொல்லி நிறுத்திவையுங்கள்.